22 கிலோபைட்டுக்குள் எட்டு கேலக்ஸி

வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்து விழும் பூப்போட்ட வணக்கப் படம் ஒன்று சுமார் 100 கிலோபைட் இருக்கும். அதில் கால் பங்குக்கும் குறைவான இடத்தில், 1984ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எட்டு கேலக்ஸிகளை அடக்கினார்கள். ஒரு கேலக்ஸிக்கு 256 நட்சத்திரங்கள், ஆக மொத்தம் 2,048. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஓர் உலகம். அந்த உலகத்துக்கு ஒரு பெயர் உண்டு. அங்கே நடப்பது மக்களாட்சியா சர்வாதிகாரமா என்ற விவரம் உண்டு. விவசாய பூமியா, தொழிற்சாலை பூமியா என்பது உண்டு. அன்றைய சந்தையில் உணவு என்ன விலை, கம்ப்யூட்டர் என்ன விலை என்ற பட்டியலும் உண்டு.

அந்த மாணவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல். அவர்கள் எழுதிய வீடியோ கேமின் பெயர் 'எலைட்'. அது ஓடிய பிபிசி மைக்ரோ என்ற கணினியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட்தான். திரைக்கும் இயந்திரத்தின் சொந்தத் தேவைகளுக்கும் போக இவர்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 22. பிரிட்டனில் அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். எலைட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், ஏதோ ஒரு தூரதேசத்துக்குப் போய் வந்தவர்களைப் போலப் பேசுவார்கள். அவர்கள் கண்ணால் கண்டதோ கறுப்புத் திரையில் நகர்ந்த சில வெள்ளைக் கோடுகளை மட்டுமே.

கோடுகள் எப்படி தேசமாகின்றன? வீடியோ கேம் என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது. இதன் விடையில் கொஞ்சம் கணிதம் இருக்கிறது, நிறைய மூளையியல் இருக்கிறது.

முதலில் கணிதம். 2,048 உலகங்களின் விவரங்களை வரிசையாக எழுதி வைப்பதென்றால், உலகம் ஒன்றுக்கு வெறும் 20 பைட் என்று வைத்துக்கொண்டாலும் 40 கிலோபைட் வேண்டும். கணினியிலேயே அவ்வளவு இடம் கிடையாது. ஆகவே பிரேபனும் பெல்லும் விவரங்களை எழுதி வைக்கவே இல்லை. ஆறே ஆறு பைட்டில் மூன்று எண்களை மட்டும் வைத்தார்கள். அந்த மூன்றையும் கூட்டினால் நான்காவது எண் வரும். கடைசி மூன்றைக் கூட்டினால் ஐந்தாவது. இப்படியே போய்க்கொண்டிருக்கும். கூட்டுத்தொகை அளவு மீறினால் மிகுதியை வெட்டிவிட வேண்டியது. அவ்வளவுதான் சூத்திரம்.

தாளும் பேனாவும் எடுத்து நீங்களே செய்து பார்க்கலாம். 3, 8, 5 என்று தொடங்குவோம். மூன்றையும் கூட்டினால் 16. கடைசி இலக்கமான 6ஐ மட்டும் வைத்துக்கொள்வோம். அடுத்து 8, 5, 6 கூட்டினால் 19, அதில் 9. அடுத்து 5, 6, 9 கூட்டினால் 20, அதில் 0. இப்படியே போனால் 3, 8, 5, 6, 9, 0, 5, 4, 9 என்ற வரிசை கிடைக்கும். இப்போது ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எழுத்தைக் கொடுப்போம்: 0க்கு லா, 1க்கு வே, 2க்கு டி, 3க்கு சோ, 4க்கு ரி, 5க்கு மா, 6க்கு நெ, 7க்கு கு, 8க்கு தா, 9க்கு ஸ். வரிசையை மும்மூன்றாகப் பிரித்துப் படித்தால் சோதாமா, நெஸ்லா, மாரிஸ் என்று மூன்று உலகங்கள் பிறந்துவிட்டன. முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால் விவசாய பூமி, இரட்டைப்படை என்றால் தொழிற்சாலை பூமி என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், சோதாமாவில் உணவு மலிவு, நெஸ்லாவில் இயந்திரம் மலிவு. இங்கே வாங்கி அங்கே விற்கலாம். மூன்று எண்களிலிருந்து ஒரு வணிகப் பாதையே உருவாகிவிட்டது.

எலைட்டின் சூத்திரம் இதைவிடப் பெரியது. எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெயர் கட்டும், எண்ணின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஆட்சிமுறையையும் தொழில்நுட்ப நிலையையும் எடுக்கும். ஆனால் அடிப்படை இதுதான். இதில் தற்செயல் என்பது துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள கணக்கைச் சென்னையில் போட்டாலும் யாழ்ப்பாணத்தில் போட்டாலும் மூன்றாவது உலகம் மாரிஸ்தான். அதேபோல எலைட் விளையாடிய எல்லாரும் 100 நாணயத்தோடு லேவ் என்ற ஒரே உலகத்திலிருந்துதான் கிளம்பினார்கள். பக்கத்தில் இருந்த டீசோவும் லீஸ்டியும் எல்லாருக்கும் ஒன்றுதான். ரீட்க்வாட் பக்கம் போனால் கொள்ளையர்கள் வருவார்கள் என்பதும் எல்லாருக்கும் பொது. வகுப்பில் இருவர் உட்கார்ந்து 'அங்கே போயிருக்கிறாயா' என்று கேட்டுக்கொள்ள முடிந்தது. ஓர் இடம் இடமாவதற்கு முதல் தகுதி, இன்னொருவரும் அங்கே போய்வர முடிவது.

இந்த முறைக்கு எல்லையே இல்லை என்பதால் தொடக்கத்தில் இருவருக்கும் ஆசை பெரிதாக இருந்தது. 2இன் 48ஆம் அடுக்கு, அதாவது 281 லட்சம் கோடிக்கும் மேல் கேலக்ஸிகளைக் கொடுக்கலாம் என்று எண்ணினார்கள். வெளியீட்டாளரான ஏகார்ன்சாஃப்ட் எட்டு போதும் என்றது. அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே எந்திரத்தில் சுட்டெடுத்தவை என்பது ஆடுபவருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். என் பார்வையில், வீடியோ கேம்களின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் இதுவும் ஒன்று. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எலைட்டில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் கட்டம் ஒன்று உண்டு. கிரகத்துக்கு மேலே ஒரு விண்வெளி நிலையம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதன் வாசல் ஒரு குறுகிய நீள்சதுரப் பிளவு. அந்த வாசல் எப்போதும் கிரகத்தையே பார்த்திருக்கும். நீங்கள் நிலையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவே வந்து, கலத்தைத் திருப்பி, வாசலுக்கு நேராக நிறுத்தி, நிலையம் சுழலும் வேகத்துக்கே உங்கள் கலத்தையும் சுழற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் மோதிச் சிதற வேண்டியதுதான். கலத்தில் ஏற்றிய சரக்கு, சேர்த்த பணம், கடந்து வந்த தூரம் எல்லாம் அந்த ஒரு நொடியில் தொங்கும். திரையில் இருப்பவை பத்திருபது கோடுகள். பின்னால் மறைந்திருக்க வேண்டிய கோடுகளை மட்டும் நீக்கிவிடுவார்கள். அதனால் கம்பிக்கூடு போலத் தெரிய வேண்டியது கனமான பொருளாகத் தெரியும். உள்ளங்கை வியர்ப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த ஆட்டத்தை முதலில் பார்த்த நிறுவனம் ஒன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், மூன்று உயிர் வேண்டும், புள்ளிக் கணக்கு வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அன்றைய காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் இலக்கணம் அது. எலைட் அதை மீறியது. அதில் வெற்றி என்று ஒரு முடிவே கிடையாது, போய்க்கொண்டே இருக்கலாம்.

இனி மூளை.

1971இல் லண்டனில் ஜான் ஓகீஃப், ஜோனதன் டஸ்ட்ராவ்ஸ்கி என்ற இருவர் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு விந்தையைக் கண்டார்கள். அங்குள்ள ஒரு நரம்பணு, எலி கூண்டின் குறிப்பிட்ட ஒரு மூலைக்கு வரும்போது மட்டும் துடித்தது. பக்கத்து அணு வேறோர் இடத்துக்குத் துடித்தது. இடத்துக்கு இடம் ஓர் அணுக்கூட்டம்; எல்லாம் சேர்ந்தால் அந்தக் கூண்டின் வரைபடம். 2005இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர், பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகை அணுவைக் கண்டார்கள். எலி நடக்கும் தரை முழுவதையும் தேன்கூட்டு ஒழுங்கில் புள்ளி வைத்துக் கோலமிட்டதுபோல் அது துடித்தது. ஓகீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனுக்கும் இப்படி உண்டா என்று பார்ப்பது கடினம். மண்டையைத் திறந்து மின்முனை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கச் சொல்ல முடியாது. இங்கேதான் வீடியோ கேம் அறிவியலுக்குக் கைகொடுத்தது. கலிபோர்னியாவில் வலிப்பு நோயாளிகள் சிலருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் நோயின் இருப்பிடத்தைக் கண்டறிய மூளைக்குள் மின்முனைகள் பொருத்தியிருந்தார்கள். அவர்களிடம் ஒரு டாக்ஸி கேம் கொடுக்கப்பட்டது. திரையில் ஒரு சின்ன நகரம். பயணியை ஏற்றிக் கடையில் இறக்க வேண்டும். 2003இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவு இது: பதிவான 300க்கும் மேற்பட்ட நரம்பணுக்களில் சில, அந்தப் பொய் நகரத்தின் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தன. வேறு சில, ஒரு கடை கண்ணில் பட்டதும் துடித்தன. நோயாளி மருத்துவமனைக் கட்டிலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனாலும் அவர் ஹிப்போகாம்பஸ் அந்த நகரத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது.

'கேமுக்குள் போய்விட்டான்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை. இடத்தை உணரும் உறுப்பின் அளவில் அவன் உண்மையிலேயே போய்விட்டான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் கிரெக்ரி கிளெமன்சன், கிரெய்க் ஸ்டார்க் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கேம் பழக்கம் இல்லாத மாணவர்களை இரு குழுவாக்கி, தினம் அரை மணி நேரம் வீதம் இரண்டு வாரம் ஆட வைத்தார்கள். ஒரு குழுவுக்கு 'ஆங்ரி பேர்ட்ஸ்', மற்றதற்கு முப்பரிமாண உலகத்தில் சுற்றித் திரியும் 'சூப்பர் மாரியோ'. ஒன்றைப் போலவே தோன்றும் படங்களை வேறுபிரித்து நினைவுகூரும் சோதனையில், சுற்றித் திரிந்தவர்கள் முன்னேறினார்கள். பறவை எறிந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அந்தச் சோதனை ஹிப்போகாம்பஸைச் சார்ந்தது. புதிய இடத்தில் அலைவதே அதற்குத் தீனி.

சரி, இடம் என்ற உணர்வு வந்துவிட்டது. அது ஏன் சில கேம்களில் வருகிறது, பலவற்றில் வருவதில்லை? மெய்நிகர் உலகங்களை நெடுங்காலம் ஆராய்ந்த மெல் ஸ்லேட்டர் 2009இல் எழுதிய கட்டுரையில் இரண்டு மயக்கங்களைப் பிரித்துக் காட்டினார். 'நான் அங்கே இருக்கிறேன்' என்பது ஒன்று. 'இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது' என்பது இன்னொன்று. முதலாவது, தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்ப வேண்டும் என்பதுபோல உடலின் எதிர்பார்ப்புகளைப் பொறுத்தது. இரண்டாவது நம் செயலுக்கு அந்த உலகம் சரியாகப் பதில் சொல்கிறதா என்பதைப் பொறுத்தது. கல்லெறிந்தால் குளத்தில் அலை வர வேண்டும். வராவிட்டால், தண்ணீர் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், மனம் வெளியே வந்துவிடும்.

ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கொட்டி, முகத்தின் மயிர்க்கால் வரை வரைந்து காட்டும் கேம்கள் பல இந்த இரண்டாவதில்தான் தோற்கின்றன. பூட்டிய கதவு போல வரைந்த சுவர்கள், தொட்டால் அசையாத மரங்கள். எலைட் அப்படித் தோற்கவில்லை. அதில் இருப்பது கொஞ்சம். இருப்பதெல்லாம் தன் விதிக்கு உண்மையாக இருந்தது.

2017இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' இந்த உண்மையை ஒரு வேதியியலாகவே எழுதிவிட்டது. அதன் உருவாக்குநர்கள் உலகத்திலுள்ளவற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: நெருப்பு, நீர், மின்சாரம், காற்று, குளிர் போன்ற பூதங்கள் ஒருபுறம், மரம், கல், இரும்பு, புல் போன்ற பொருள்கள் மறுபுறம். பூதம் பொருளின் நிலையை மாற்றும். பூதம் இன்னொரு பூதத்தையும் மாற்றும். பொருள் பொருளை மாற்றாது. மூன்றே விதிகள். ஆனால் இவற்றிலிருந்து கிளம்புவதைப் பாருங்கள். புல்லில் தீ வைத்தால் பரவும். பரவிய தீயின் மேல் காற்று எழும்பும். அந்தக் காற்றில் பாய்ச்சிறகை விரித்தால் மேலே பறக்கலாம். இடி மின்னலில் இரும்பு வாளைச் சுமந்து நின்றால் உங்கள் தலையில்தான் மின்னல் இறங்கும். அதே வாளை எதிரியின் காலடியில் எறிந்துவிட்டால் அவன் தலையில் இறங்கும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளி இயற்பியலே போதும். உலகத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே அறிந்தது அங்கேயும் செல்லுபடியாகிறது என்று தெரிந்த கணத்தில் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும்.

மயக்கம் வேறு, வியப்பு வேறு. வியப்பைப் பற்றி டாச்சர் கெல்ட்னர், ஜானதன் ஹைட் என்ற உளவியலாளர்கள் 2003இல் ஒரு விளக்கம் தந்தார்கள். பிரமிப்பில் இரண்டு கூறுகள் இருக்கும் என்றார்கள். ஒன்று, நம்மைவிட மிகப் பெரிய ஏதோ ஒன்றின் முன் நிற்கும் உணர்வு. மற்றது, அதுவரை மனத்தில் இருந்த கட்டமைப்பில் அது அடங்காமல், கட்டமைப்பையே விரித்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி. பின்னர் நடந்த ஆய்வொன்றில், அமெரிக்காவின் யோசெமிட்டி மலைப்பள்ளத்தாக்கில் நின்ற பயணிகளையும் சான் ஃபிரான்சிஸ்கோவின் படகுத்துறைச் சுற்றுலாப் பகுதியில் நின்ற பயணிகளையும் தங்களைத் தாங்களே வரையச் சொன்னார்கள். மலைக்கு முன் நின்றவர்கள் தங்களைச் சிறிதாக வரைந்தார்கள்.

எட்டு கேலக்ஸி ஏன் சரியான முடிவு என்பது இப்போது விளங்கும். பெரிது என்பது மட்டும் போதாது. அது மனத்தின் கட்டமைப்பை நெருக்க வேண்டும். 2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' எலைட்டின் அதே கணித வழியில் 2இன் 64ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கிரகங்களைத் தந்தது. 18க்குப் பின்னால் பதினெட்டு பூஜ்யம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டியது அது. வெளியான புதிதில் பலர் சில நாளிலேயே சலித்துப்போனார்கள். பத்தாவது கிரகம் இரண்டாவதைப் போலவே இருந்தது. வடிவம் மாறியது, நிறம் மாறியது, கேள்வி மாறவில்லை. அதைச் செய்த சிறிய குழு கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்து உள்ளே செய்வதற்கு நிறையச் சேர்த்த பிறகுதான் மக்கள் திரும்பி வந்தார்கள். அந்த உழைப்பைப் பாராட்ட வேண்டும்.

எண்ணிக்கையை உதறிவிட்டு, ஒரே ஒரு சூரியனையும் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய கிரகங்களையும் வைத்துக்கொண்டு பிரமிப்பின் உச்சிக்குப் போன கேம் ஒன்று உண்டு. 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் தன் முதுகலைப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை அது. மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறு நிறுவனத்தில் முழுமை பெற்றது. 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் என்ற பரிசும் பெற்றது. நான் ஆடியவற்றில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் நான்கு கண்கள் கொண்ட ஓர் உயிர். ஊர் ஒரு காட்டுக் கிராமம். மரப்பலகையும் உலோகத் தகடும் சேர்த்து அடித்த ஒரு விண்கலம் உங்களுக்குக் கிடைக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம். புறப்பட்டு 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாவற்றையும் விழுங்குகிறது. பிறகு அதே தீமூட்டத்தின் பக்கத்தில், அதே வானத்தின் கீழே கண் விழிக்கிறீர்கள். மறுபடியும் 22 நிமிடம். ஏன் வெடிக்கிறது, ஏன் திரும்புகிறது, உங்களுக்கு முன் இங்கே வாழ்ந்து மறைந்தவர்கள் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம்.

பெரும்பாலான கேம்களில் நீங்கள் பார்க்காத இடம் உறங்கிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தால்தான் எழும். அவுட்டர் வைல்ட்ஸில் எந்தக் கிரகமும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. இரட்டைக் கிரகங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்க, ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் தூணாகக் கொட்டுகிறது. ஒன்றில் புதைந்திருந்தவை வெளிப்படும் அதே நேரத்தில் மற்றதில் குகைகள் மூடிக்கொள்கின்றன. பிரிட்டில் ஹாலோ என்ற கிரகத்தின் உள்ளே கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றும் எரிமலை நிலவு தீப்பாறைகளை எறிய எறிய, மேலோடு துண்டு துண்டாக உடைந்து உள்ளே விழுகிறது. முதல் நிமிடத்தில் நீங்கள் நின்ற தரை பதினைந்தாவது நிமிடத்தில் இல்லாமல் போகலாம். நீங்கள் வேறு கிரகத்தில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போதும் அது உடைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த உணர்வு, நாம் இல்லாவிட்டாலும் இந்த உலகம் நடக்கும் என்ற உணர்வு, ஸ்லேட்டர் சொன்ன இரண்டாவது மயக்கத்தின் முழு வடிவம்.

பயணம்கூட நியூட்டன் விதிப்படிதான். விண்வெளியில் உராய்வு இல்லை. எட்டிய வேகம் தானாகக் குறையாது. பாதி தூரத்திலேயே கலத்தை எதிர்த்திசையில் உந்தத் தொடங்காவிட்டால் கிரகத்தில் போய்க் குத்திக்கொள்வீர்கள், இல்லையென்றால் தாண்டிப் போய்ச் சூரியனுக்குள் விழுவீர்கள். புதிதாக ஆடுபவர்கள் எல்லாருக்கும் இது நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் கை தானாகவே திசைவேகத்தைக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வெறும் சூத்திரமாகக் கிடந்த நிலைமம் இங்கே விரல் நுனியில் வந்து உட்காரும்.

இதைக் கட்டியவர்கள் சந்தித்த ஒரு தொழில்நுட்பச் சிக்கல் சுவையானது. கேம் எந்திரங்கள் இடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் தசம எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியம்தான் உண்டு. மையப்புள்ளியான பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மில்லிமீட்டர் வரை சொல்ல முடியும். வெகுதூரம் போய்விட்டால் அதே ஏழு இலக்கத்தில் கிலோமீட்டர்களைச் சொல்வதற்கே இடம் தீர்ந்துவிடும், மில்லிமீட்டருக்கு மிச்சமிருக்காது. பொருள்கள் நடுங்கத் தொடங்கும். ஒரு சூரியக் குடும்பம் முழுவதும் தடையின்றிப் பறக்க வேண்டிய கேமுக்கு இது பெரும் ஆபத்து. அவர்கள் கண்ட தீர்வு: ஆடுபவரை எப்போதும் பூஜ்யத்திலேயே நிறுத்திவிடுவது. நீங்கள் நடப்பதில்லை, பறப்பதில்லை. சூரியனும் கிரகங்களும் நிலவுகளும்தான் உங்களைச் சுற்றி நகர்த்தப்படுகின்றன. உங்களை இம்மியளவாக உணரச் செய்யும் அந்தப் பேரண்டம், நிரலுக்குள் உங்களையே மையமாக வைத்து ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கையில் ஒலிகளைப் பிடிக்கும் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. ஊரிலிருந்து முன்பே கிளம்பிப் போன பயணிகள் வெவ்வேறு கிரகங்களில் தங்கித் தங்கள் வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் முரசு, ஒருவர் வாயால் சீழ்க்கை. வானத்தில் கருவியைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாகக் கேட்கும். கலத்தில் ஏறி வெகுதூரம் விலகி, எல்லாக் கிரகங்களும் ஒரே திசையில் தெரியும் இடத்துக்குப் போய்க் கருவியைத் திருப்பினால், தனித்தனியாகக் கேட்டவை அனைத்தும் ஒரே பாட்டு என்பது தெரியும். வெவ்வேறு கிரகங்களில், ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே தாளத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஆண்ட்ரூ பிராலோ. யாரும் உங்களை அங்கே போய்க் கேட்கச் சொல்வதில்லை. கேட்காமலேயே ஆட்டத்தை முடித்தவர்களும் இருப்பார்கள்.

இந்த ஆட்டத்தில் புள்ளிகள் இல்லை. வலிமையான ஆயுதம், கூடுதல் உயிர், அடுத்த கட்டம் எதுவும் கிடையாது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பும்போது மிஞ்சுவது உங்களுக்குத் தெரிய வந்தது மட்டுமே. கடைசிக் கதவுக்கான சாவி முதல் நிமிடத்திலிருந்தே கையில் இருக்கிறது. அது சாவி என்பதுதான் தெரியாது. இது அறிவியல் நடக்கும் விதம். புதன் கோளின் பாதை நியூட்டன் கணக்கோடு கொஞ்சம் ஒத்துப்போகவில்லை என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே வானியலாளர்களுக்குத் தெரியும். 1915இல் ஐன்ஸ்டைன் வந்துதான் அது எந்தக் கதவின் சாவி என்று காட்டினார்.

நம் ஊரில் இப்போது கேம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஆன்லைன் ரம்மியின் கடனும் சாவும். செல்பேசியில் தினமும் பரிசுப்பெட்டியைத் திறக்க அழைக்கும் ஆட்டங்கள் இன்னொருபுறம். அவையும் ஆளை உள்ளே இழுக்கின்றன, நேரம் போவது தெரியாமல் செய்கின்றன. ஆனால் அவை செயல்படும் விதம் வேறு. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கு மூளை காட்டும் ஏக்கத்தைத்தான் அவை சுரண்டுகின்றன. சூதாட்ட இயந்திரத்தின் தந்திரம் அதுதான். அவற்றை எதிர்ப்பதில் நான் பெற்றோர் பக்கம். எலைட்டும் அவுட்டர் வைல்ட்ஸும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒரே கூடையில் போடுவது, லாட்டரிச் சீட்டும் புத்தகமும் காகிதம்தானே என்று சொல்வதற்குச் சமம்.

வியப்புக்கு விண்வெளியும் கட்டாயம் இல்லை. அவுட்டர் வைல்ட்ஸ் முழுமையாவதற்கு முன்பே, 2015இல், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் ஸ்யூமஸ் மெக்நாலி பெரும்பரிசு பெற்றது. அதே பரிசை 2024இல் பெற்ற கேமின் பெயர் 'வெண்பா'. கனடாவில் விசை கேம்ஸ் என்ற குழு செய்தது. 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு கிழிந்து, சிதைந்துபோயிருக்கிறது. எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துச் சமைக்க வேண்டும். ஆவி எப்படிப் போகும் என்று கணித்துத்தான் இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும். இங்கும் உலகத்தின் விதி உண்மையாக இருக்கிறது, விடுபட்டதை நிரப்பும் வேலை ஆடுபவருக்கு இருக்கிறது. தமிழில் கேம் எழுத நினைக்கும் இளைஞர்கள் இதையும் எலைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 22 கிலோபைட்டும் ஓர் அடுக்களையும் போதும் என்ற தைரியம் வரும்.

அவுட்டர் வைல்ட்ஸ் ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையில் நான் சொன்னவை தொடக்கத்திலேயே எவரும் கண்டுகொள்ளக்கூடியவை மட்டுமே. பிரிட்டில் ஹாலோவின் கருந்துளையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக்கூடச் சொல்லவில்லை. அறிவே ஒரே சாவியாக இருக்கும் ஆட்டத்தில், யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட ஒவ்வொன்றும் நீங்கள் திறந்திருக்கக்கூடிய ஒரு கதவை வீணாக்கும். இரண்டாம் முறை ஆடி அதை மீட்க முடியாது. எங்காவது சிக்கிக்கொண்டால் வேறு கிரகத்துக்குப் போங்கள். யூடியூபில் தேடாதீர்கள்.